இருபத்தைந்து வருடத்துக்கு முன் வந்த காமாலை இப்போது எதற்கு?

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு பதிலின் கடைசியில் நான்கு வரி எழுதியிருந்தேன். முடக்குவாதத்துக்கான ஊசி, புற்றுநோய்க்கான கீமோ, நீண்ட நாள் ஸ்டீராய்டு ஆகிய எதைத் தொடங்குவதாக இருந்தாலும், அதற்கு முன் கல்லீரலைத் தாக்கிக் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்பதுதான் அது. அந்த நான்கு வரிக்கு முப்பத்தொரு கடிதங்கள் வந்துவிட்டன. இந்த மாதம் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டு வாங்கினேன். எழுதியவர்கள் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: எனக்கு 54 வயது. பதினோரு வருடமாக முடக்குவாதம். வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டும் விரல் மூட்டுகள் வீங்கிக்கொண்டே இருப்பதால் ரிடுக்ஸிமாப் ஊசி போடலாம் என்று மருத்துவர் சொன்னார். அதற்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி கிருமி ‘இல்லை’ என்று ஒரு தாளிலும், ‘வந்திருக்கிறது’ என்று இன்னொரு தாளிலும் இருக்கிறதாம். கல்லீரல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது எனக்குக் காமாலை வந்தது உண்மை. கீழாநெல்லி சாப்பிட்டுச் சரியாகிவிட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் வந்த காமாலை இப்போது எதற்கு? – வாசகி, கும்பகோணம்.

பதில்: அம்மா, உங்கள் மருத்துவர் செய்தது மிகச் சரி. அவருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். இந்த இரண்டு தாள்களும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

முதல் தாள் ஹெச்.பி.எஸ்.ஏஜி. என்ற பரிசோதனை. கிருமியின் மேலுறை ரத்தத்தில் மிதக்கிறதா என்று அது பார்க்கிறது. உங்களுக்கு மிதக்கவில்லை. இரண்டாவது தாள் ஆன்டி-ஹெச்.பி.சி. டோட்டல். கிருமியின் உள்பகுதியைப் பார்த்த உடம்பு, அதற்கு எதிராக உண்டாக்கி வைத்த எதிர்ப்பொருளைத் தேடுகிற பரிசோதனை அது. தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கு இது வராது. உண்மையான கிருமி ஒரு முறையாவது உள்ளே வந்து போனவருக்குத்தான் வரும். ‘வந்து போன’ என்று எழுதிவிட்டேன், அது தவறு. வந்தது, போகவில்லை.

உங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோரையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே தெரிகிற புல்லை எத்தனை முறை பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிழங்கு இருந்துகொண்டே இருக்கும். களையெடுப்பு தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும் வரை வயல் சுத்தமாகத் தெரியும். ஹெபடைடிஸ் பி கிருமியும் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வட்டமான ஒரு மரபுத் துணுக்கை விட்டுவைக்கிறது. அது ஆயுளுக்கும் அங்கேயே இருக்கும். இன்று கையில் இருக்கிற எந்த மருந்தும் அதை வேரோடு எடுப்பதில்லை. நாள்தோறும் அது முளைக்கப் பார்க்கிறது, நம் எதிர்ப்பு சக்தி நாள்தோறும் கிள்ளிப் போடுகிறது. இருபத்தைந்து வருடமாக உங்களுக்குத் தெரியாமல் உங்கள் உடம்பு இந்த வேலையைச் செய்து வந்திருக்கிறது.

முடக்குவாதத்தில் அதே எதிர்ப்பு சக்திதான் தவறுதலாக உங்கள் மூட்டுகளைத் தாக்குகிறது. அதை அடக்க ரிடுக்ஸிமாப் கொடுக்கிறோம். ரத்தத்தில் பி செல்கள் என்று ஒரு வகை வெள்ளணுக்கள் உண்டு. எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் பரம்பரை அது. இந்த ஊசி அவற்றை ஏறக்குறைய முழுவதுமாக அழித்துவிடும். அவை மீண்டும் பெருக ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். அதாவது களையெடுக்கிற ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு போகம் முழுவதும் வயலை அப்படியே விடுகிறோம்.

மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்ட இத்தனை வருடத்தில் இதை யாரும் கேட்கவில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த மருந்தால் உங்களைப் போன்றவர்களுக்குக் கிருமி விழித்துக்கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ரிடுக்ஸிமாப் அப்படி அல்ல. மருத்துவ வழிகாட்டு நெறிகள் அதை அதிக ஆபத்து என்ற வரிசையில், நூற்றுக்குப் பத்துக்கு மேல் என்ற இடத்தில் வைத்திருக்கின்றன. ஹெச்.பி.எஸ்.ஏஜி.யே பாசிட்டிவாக இருப்பவர்களுக்கு அது இன்னும் பல மடங்கு. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்தின் விவரக் குறிப்பிலேயே, இருப்பதிலேயே கடுமையான எச்சரிக்கையாக, இதைக் கட்டம் கட்டிப் போட வைத்தது.

அதற்கு மூன்று வருடம் முன்பு நடந்த ஒன்றை எழுத வேண்டும். இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை.

2010இல் 47 வயதான ஒரு விசைத்தறித் தொழிலாளி என்னிடம் வந்தார். கழுத்தில் கட்டி, நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய். ரிடுக்ஸிமாபோடு சேர்த்துக் கீமோ கொடுக்கப் போகிறார்கள், கல்லீரல் எப்படி என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. சரியாக இருந்தது. ஹெச்.பி.எஸ்.ஏஜி. நெகட்டிவ். ‘கல்லீரல் தொடர்பாகத் தடையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆன்டி-ஹெச்.பி.சி. எழுதித் தரவில்லை. எழுத வேண்டும் என்று அப்போதே ஆய்வுக் கட்டுரைகள் சொல்லிக்கொண்டிருந்தன. ஆறு சுற்றும் முடிந்து, கட்டி கரைந்து, தறிக்குத் திரும்பிய ஐந்தாவது மாதம் கண் மஞ்சளாகி வந்தார். கிருமியின் எண்ணிக்கை கோடிக்கணக்கில் இருந்தது. மருந்தை அன்றைக்கே தொடங்கினோம். பத்தொன்பதாவது நாள் இறந்துபோனார்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய மனைவி ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பையிலிருந்து தாள்களை எடுத்துத் தேதி வரிசையில் என் மேசை மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். சண்டை போட வரவில்லை. “புத்துநோய் போயிடுச்சுன்னு சொன்னீங்களே அம்மா, அப்புறம் எந்த நோய்ல போனாரு?” என்று மட்டும் கேட்டார். வரிசையில் முதலாவதாக இருந்த தாளில் என் கையெழுத்து இருந்தது. என்ன நடந்தது என்பதையும், எந்தப் பரிசோதனையை நான் எழுதாமல் விட்டேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் தாள்களை அதே வரிசையில் திரும்ப அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

உங்களுக்கு இனி செய்ய வேண்டியது எளிது. கிருமியின் எண்ணிக்கையைக் காட்டும் டி.என்.ஏ. பரிசோதனை ஒன்று. பிறகு என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர், தினம் ஒரே ஒரு மாத்திரை. அது முளைப்பை அடக்கி வைக்கும். ஊசிக்கு முன்பே, தாமதமானால் ஊசியோடாவது தொடங்க வேண்டும். கடைசி ஊசிக்குப் பிறகு குறைந்தது ஒரு வருடம், பல மருத்துவர்கள் சொல்வதுபோல் ஒன்றரை வருடம் சாப்பிட வேண்டும். நிறுத்திய பிறகும் ஒரு வருடம் வரை சில மாதங்களுக்கு ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஊசி முடிந்து இரண்டு வருடம் கழித்துக்கூட கிருமி விழித்துக்கொண்டதுண்டு. என்டெகாவிர் என்றால் வெறும் வயிற்றில். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்து சாப்பிட இரண்டு மணி நேரம் முன்பு. இரவு ஏழரைக்குச் சாப்பிடுகிறவர் என்றால் பத்து மணிக்குப் படுக்கப் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள், மறக்காது. ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். விரல்கள் வளைந்துவிட்டால் அதைத் திருப்ப முடியாது.

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்பதால் கீமோவோடு டெனோஃபோவிர் மாத்திரையும் கொடுத்தார்கள். கீமோ முடிந்து நான்கு மாதம் ஆகிறது, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ‘நோயே இல்லை, மாத்திரை எதற்கு’ என்று அப்பா மூன்று வாரமாக நிறுத்திவிட்டார். எங்களிடம் இப்போதுதான் சொன்னார். ஆள் முன்னைவிடத் தெம்பாகத்தான் இருக்கிறார். – வாசகி, திருநெல்வேலி.

பதில்: மகளே, உங்கள் கடிதம் கிடைத்த அன்றைக்கே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். அப்பாவுக்கு மாத்திரை மறுபடி தொடங்கியாகிவிட்டது, எஸ்.ஜி.பி.டி. கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தெம்பாக இருக்கிறார் என்பதுதான் எனக்குக் கவலை தந்த வரி. கீமோ நடக்கும்போது கிருமி பெருகினாலும் கல்லீரல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். இந்தக் கிருமி செல்லுக்குள் பெருகுவதால் மட்டும் செல் செத்துவிடுவதில்லை. சிகிச்சை முடிந்து எதிர்ப்பு சக்தி திரும்பி வருகிறதே, அப்போதுதான் ஆபத்து. களையெடுக்க வந்தவர்கள் வயல் முழுவதும் கோரையாகக் கிடப்பதைப் பார்த்துப் பயிரோடு சேர்த்துப் பிடுங்கிவிடுகிறார்கள். கிருமி குடியேறிய செல்களை எல்லாம் ஒரே சமயத்தில் எதிர்ப்பு அணுக்கள் அழிக்கும்போது கல்லீரலே கருகிப்போகிறது. உடம்பு தேறிப் பசி எடுக்க ஆரம்பிக்கிற மாதங்களும் இந்த மாதங்களும் ஒன்றுதான்.

ஆகையால் கீமோவை நிறுத்துகிற தேதி வேறு, இந்த மாத்திரையை நிறுத்துகிற தேதி வேறு. இரண்டாவது தேதியைக் கல்லீரல் மருத்துவர் தாளில் எழுதித் தர வேண்டும். பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், ரிடுக்ஸிமாப் இருந்தால் அதற்கும் மேல். சிலருக்கு கல்லீரலின் நிலையைப் பொறுத்து ஆயுளுக்கும் தேவைப்படலாம். என் நோயாளிகளிடம் ஒரு தினசரிக் காலண்டரைத் தனியாக மாட்டச் சொல்கிறேன். மாத்திரையை விழுங்கிய பிறகுதான் அன்றைய தாளைக் கிழிக்க வேண்டும். கிழிக்காமல் தொங்குகிற தாள் வீட்டில் யார் கண்ணிலாவது பட்டுவிடும்.

கேள்வி: எட்டு வருடத்துக்கு முன் ரத்ததான முகாமில் எனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பதாகச் சொன்னார்கள். ‘கேரியர்தான், கிருமி சும்மா உள்ளே இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்றார்கள், விட்டுவிட்டேன். எனக்கு இளைப்பும் உண்டு. மருந்துக் கடையில் தரும் பிரெட்னிசோலோன் என்ற 20 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரையை இரண்டு மாதமாகத் தினமும் சாப்பிடுகிறேன், நன்றாகக் கேட்கிறது. இதுவும் நீங்கள் சொல்லும் ஆபத்தில் சேருமா? – வாசகர், ஈரோடு.

பதில்: தம்பி, சேரும். ஹெச்.பி.எஸ்.ஏஜி. பாசிட்டிவாக உள்ள ஒருவர் இந்த அளவு ஸ்டீராய்டை நான்கு வாரத்துக்கு மேல் சாப்பிட்டாலே அதிக ஆபத்து வரிசைக்கு வந்துவிடுகிறார். நீங்கள் எட்டு வாரத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு மாத்திரையை இன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள். இரண்டு மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். திடீரென்று விட்டால் மயங்கி விழலாம், இளைப்பும் திரும்பும், எதிர்ப்பு சக்தி ஒரேயடியாக எழும்பிக் கல்லீரலையும் பதம் பார்க்கலாம். இந்த வாரத்துக்குள் எஸ்.ஜி.பி.டி., காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின், டி.என்.ஏ. மூன்றும் பாருங்கள். கிருமிக்கான மாத்திரையைத் தொடங்கிய பிறகு, நெஞ்சு மருத்துவர் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைப்பார். இளைப்புக்கு நீங்கள் இழுக்க வேண்டியது இன்ஹேலர். அது நுரையீரலோடு நின்றுவிடுகிற சிறு அளவு, அதற்கு இந்தப் பயம் வேண்டாம்.

‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று யார் சொன்னார்களோ, அந்தச் சொல்லை மறந்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி உள்ளவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தமும் ஸ்கேனும் பார்க்க வேண்டும். பல் பிடுங்கப் போனாலும் கண்ணுக்கு அறுவை சிகிச்சை என்றாலும் எந்த மருத்துவரிடமும் முதல் வரியாக இதைச் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கு என்று பொட்டலத்தில் கட்டித் தரும் பெயர் தெரியாத பொடிகளையும் விட்டுவிடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்த பொடிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கீழாநெல்லியே இந்தக் கிருமியை விரட்டும் என்று சென்னையிலேயே கண்டுபிடித்திருக்கிறார்களாமே? பிறகு எதற்கு இந்த மாத்திரைகள்? – வாசகர், நாகர்கோவில்.

பதில்: நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை உண்டு. இந்தக் கிருமியின் மேலுறையை 1960களில் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ரத்தத்தில் முதன்முதலாகக் கண்டவர் அமெரிக்க விஞ்ஞானி பாரூக் பிளம்பெர்க். 1976இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த ஜூலை 28தான் இன்று உலகக் கல்லீரல் அழற்சி (ஹெபடைடிஸ்) தினம். அவரோடு சேர்ந்து சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனின் குழு கீழாநெல்லிப் பொடியை ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு முப்பது நாள் கொடுத்துப் பார்த்தது. சாப்பிட்டவர்களில் 59 சதவீதத்தினருக்கு மேலுறை ரத்தத்திலிருந்து மறைந்துவிட்டது என்று 1988இல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டார்கள். நான் மாணவியாக இருந்த காலம். நம் வீட்டுக் கொல்லைச் செடி லான்செட்டில் வந்துவிட்டது என்று எங்களுக்கெல்லாம் அவ்வளவு பெருமை.

பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்த ஏமாற்றம் எனக்கும் உண்டு. காமாலை வந்த பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ஹெபடைடிஸ் பி எந்த மருந்தும் இல்லாமலே அடங்கிவிடும். அந்தப் புகழ் முழுவதும் அப்போது குடித்த சாற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கீமோவுக்கோ ரிடுக்ஸிமாபுக்கோ முன்னால் கீழாநெல்லியை நம்பி மாத்திரையை விடக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

கேள்வி: கணவருக்குப் பாசிட்டிவ். தட்டு, டம்ளரைப் பிரித்து வைக்கச் சொல்கிறார் மாமியார். மாத்திரைக்கும் மாதாமாதம் செலவாகிறது. – வாசகி, வேலூர்.

பதில்: தட்டிலும் டம்ளரிலும் இது பரவாது. ஒரே பாயில் படுப்பதாலும் குழந்தையைக் கொஞ்சுவதாலும் பரவாது. ரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் பரவும். சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக இருக்கட்டும். நீங்களும் மாமியாரும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொண்டு, இல்லை என்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம் என மூன்று ஊசி. நாடு முழுவதும் குழந்தைகளுக்கு அரசு இதைப் போடத் தொடங்கியது 2011இல்தான். அதற்கு முன் பிறந்த நம்மில் பெரும்பாலோர் போட்டிருக்க மாட்டோம்.

செலவைப் பற்றி: 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போய்க் கேளுங்கள். மாமியாருக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். மகனோடு அவர் ஒரே தட்டில் சாப்பிடலாம்.

கேள்வி: ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். சீட்டில் ‘ஆன்டி-ஹெச்.பி.சி.’ என்று மட்டும் எழுதி வந்தால், நாங்கள் அதில் ஐஜிஎம் என்ற வகையை மட்டும் செய்து நெகட்டிவ் என்று கொடுத்துவிடுகிறோம். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு சந்தேகமாக இருக்கிறது. – வாசகர், திண்டுக்கல்.

பதில்: வந்த முப்பத்தொரு கடிதங்களில் இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் சந்தேகம் சரியானது. ஐஜிஎம் அண்மையில் வந்த காமாலையைத்தான் காட்டும். இருபத்தைந்து வருடத்துக்கு முன் வந்தது அதில் தெரியவே தெரியாது. கும்பகோணத்து அம்மாவின் ரத்தத்தில் நீங்கள் ஐஜிஎம் செய்திருந்தால் நெகட்டிவ் என்றுதான் வந்திருக்கும், அவரும் நிம்மதியாக ஊசி போட்டுக்கொண்டிருப்பார்.

ஊசி, கீமோ, ஸ்டீராய்டு தொடங்குமுன் என்றால் வேண்டியது டோட்டல். சீட்டில் அந்தச் சொல் இல்லையென்றால் எழுதிய மருத்துவருக்கு ஒரு போன் செய்து கேளுங்கள். கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள். ரிடுக்ஸிமாப் ஏற்கெனவே போட்டுக்கொண்டவர் என்றால் எதிர்ப்பொருளே குறைந்துபோய் டோட்டலும் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். அவருக்கு டி.என்.ஏ. தேவைப்படும் என்பதையும் அதே போனில் சொல்லிவிடுங்கள். 2010க்குப் பிறகு என் மேசையில் இரண்டு பேனா இருக்கின்றன. ‘டோட்டல்’ என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுத்தான் சீட்டைக் கையில் கொடுக்கிறேன்.